நிபந்தனைப் பட்டா

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து எங்க ஆயாவை மூட்டுவலிக்காக மாசத்துக்கு ஒரு தடவை அங்கே கூட்டிப் போவேன். காலையிலேயே சீட்டு வாங்க வரிசை நீண்டுவிடும். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் பெயர்ப்பலகையைக் காட்டி, இவர் யாருன்னு தெரியுமாங்க என்று கேட்டேன். 'யாரோ அந்தக் காலத்து வைத்தியர் போல' என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பண்டிதர் சித்த வைத்தியர்தான். ஆனால் அந்த வைத்தியர் 1907 ஜூன் 19 தொடங்கி, 1914 மே 5-இல் சாகும்வரை, ராயப்பேட்டையிலிருந்து வாராவாரம் ஒரு பத்திரிகை நடத்தினார் என்பதும், அதில் இந்த நாட்டின் சரித்திரத்தையே தலைகீழாக வாசித்துக் காட்டினார் என்பதும் அந்த வரிசையில் நின்ற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெரியவரை ஏன் சொல்லவேண்டும்? நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். இதழியல் வரலாறு என்று ஒரு தாளே எங்களுக்கு இருந்தது. அதில் 'இந்தியா' வந்தது, 'சுதேசமித்திரன்' வந்தது. 'ஒரு பைசாத் தமிழன்' வரவில்லை. வகுப்பில் எழுந்து கேட்டபோது எங்கள் பேராசிரியர், 'அதெல்லாம் கெடைக்காதுப்பா' என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை, கிடைக்காது என்றார். இந்தக் கட்டுரை அந்தக் 'கிடைக்காது' என்ற சொல்லைப் பற்றியது.

பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து இத்தனை ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு, அதற்குப் பிறகு உலகத்துக்கே பொது என்பது சட்டம். இந்தியாவில் அப்போது அது ஐம்பது ஆண்டு. பண்டிதர் 1914-இல் காலமானார். அப்படியானால் 1965 ஜனவரி 1 முதல் அவர் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம், இலவசமாகக் கொடுக்கலாம், ஒருத்தரிடமும் கேட்க வேண்டாம். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போய் எடுக்கத்தான் பிரதி இல்லை.

பிரதி எங்கே இருந்தது? கோலார் தங்கவயலில் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த நம் மக்கள் அங்கே சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்றை நடத்தி, பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். 1920-களில் 'தமிழ'னையே அங்கிருந்து அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தார். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கூலிவேலைக்குப் போன குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இருந்தது. சென்னையில் அன்பு பொன்னோவியம் போன்ற ஒரு சிலர் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தார்கள். அரசாங்கத்தின் அலமாரியோ பல்கலைக்கழகத்தின் அலமாரியோ செய்யாத வேலையை இவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் செய்தார்கள். கரையானுக்கும் மழைக்கும் தப்பிய அந்தத் தாள்களை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. 1965-க்கும் 1999-க்கும் நடுவில் முப்பத்துநாலு ஆண்டு. அந்த முப்பத்துநாலு ஆண்டும் அவர் சட்டப்படி பொதுச்சொத்து. நடைமுறையில் நாலைந்து வீட்டுப் பரண்.

இதே ஆண்டுகளில் எழுதிய பாரதியின் எழுத்துக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1949-இல் ஓமந்தூரார் அரசாங்கம் அவர் எழுத்தின் உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியது. பெட்டிக்கடை வரைக்கும் பாரதி போய்ச் சேர்ந்தார். அதில் எனக்குப் பொறாமை இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் ஒருவர் எழுத்து பொதுவாக வேண்டும் என்று ஊரே கேட்கிறது, இன்னொருவர் எழுத்து பொதுவாகியும் ஊருக்கே தெரியவில்லை என்றால், பிரச்சினை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை.

அம்பேத்கர் கதை இதற்கு நேர் எதிர். 1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பார்த்ததும் மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, மற்ற மொழிகளில் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதுகிறார். எவ்வளவு வேகம் பாருங்கள்! ஆனால் 1956-இல் அவர் மறைந்த பிறகு எழுத்தெல்லாம் உரிமைக்குள் போனது. மகாராஷ்டிர அரசு 1979-இல் வசந்த் மூனைப் பதிப்பாசிரியராக வைத்து முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. ஐம்பதாண்டுக் கணக்குப்படி 2006-ஓடு பூட்டு விழுந்திருக்க வேண்டும். இடையில் என்ன ஆனது தெரியுமா? தாகூர் இறந்தது 1941. 1991-ஓடு அவர் எழுத்தின் மீது விசுவபாரதிக்கு இருந்த உரிமை முடிகிறது. அதைக் காப்பாற்ற 1992-இல் சட்டத்தைத் திருத்தி, ஐம்பதை அறுபதாக்கினார்கள். தாகூருக்காகப் போட்ட அந்தப் பத்து ஆண்டு அம்பேத்கர் தலையிலும் விழுந்தது. 2017 ஜனவரி 1 வரை காத்திருந்தோம்.

அதுவரை அரசுப் பதிப்பு கிடைத்ததா என்றால், இருப்பில் இல்லை என்பதுதான் பல நேரம் பதில். தொகுதிகளின் அச்சுப்பணி முடங்கிக் கிடப்பதாகப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்து 2021 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. நான் அம்பேத்கரை முழுசாகப் படித்தது அச்சில் இல்லை, கணினியில் ஏற்றப்பட்ட பக்கங்களில்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரான்சஸ் பிரிட்செட் என்ற பேராசிரியர் 'சாதி ஒழிப்பு' உரையைக் குறிப்புகளோடு யாரும் படிக்கும்படி போட்டு வைத்திருந்தார். அம்பேத்கர் படித்த அதே பல்கலைக்கழகம்.

அயோத்திதாசர் தொகுதிகளை நான் எப்படிப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தோழரிடம் இரவல் வாங்கி, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தேன். பதிப்பித்தவர்கள் மன்னிக்கட்டும். தலித் இலக்கியத்தில் பாதி, ஜெராக்ஸ் மிஷின் வழியாகத்தான் நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. படிப்பிற்காகப் பிரதி எடுப்பது திருட்டல்ல என்று 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி தணிந்தது.

இப்போது இளந்தோழர்கள் பலர், இணையத்தில் எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த பழந்தமிழ் நூல்களை இலவசமாக்கியது. 2005-இல் ஈழத்தமிழர்கள் 'நூலகம்' தொடங்கினார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரே பிரதி என்பதன் ஆபத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்துக்குப் போயிருக்கின்றன. எல்லாம் பெரிய வேலைகள். இருந்தாலும் 'பொது' என்ற சொல்லைக் கேட்டால் உடனே கைதட்ட எனக்கு வரவில்லை.

காரணம் உண்டு. கிணறு பொது, குளம் பொது, சாலை பொது என்றுதான் ஊரில் எப்போதும் சொன்னார்கள். அந்தப் பொதுவில் நாம் இல்லை. இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டசபையில் எழுந்து, பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது என்று பெயர் வைத்துவிட்டதால் ஒன்று பொதுவாகிவிடாது என்பதற்கு அந்தத் தீர்மானமே சாட்சி. மகாத் குளத்தில் 1927-இல் அம்பேத்கர் அள்ளிக் குடித்ததும் 'பொது'க் குளத்துத் தண்ணீர்தான்.

பொதுவின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது மட்டும் எப்போதும் எல்லாருக்கும் பொது. உழைப்பு பொது, பாட்டு பொது, பறை பொது. யாரும் கேட்டு எடுத்ததில்லை. பண்டிதர் 'தமிழ'னில் எழுதுகிறார்: அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர், தம்மிடமிருந்த குறள், நாலடி ஏடுகளை அந்தத் துரையிடம் கொடுக்க, அவை எல்லிஸ் துரைக்குப் போயின. எல்லிஸ் குறளை மொழிபெயர்த்தவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். கந்தப்பனைச் சொல்லாது. பேரன் ஒரு பைசாப் பத்திரிகை நடத்தியதால்தான் பாட்டன் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தப் பேரனோ, காத்தவராயன் என்ற தன் பெயரை விட்டுவிட்டுத் தனக்குப் பாடம் சொன்ன ஆசானின் பெயரை எடுத்துக்கொண்டவர். கற்றது யாரிடம் என்பதைத் தன் பெயரிலேயே சுமந்தவர்.

எங்க வீட்டுக் கதையும் அதுதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் இப்போது பார்த்தால் வேளச்சேரி சாலை நெடுக அடுக்குமாடிகள். ஆயா நடவு நட்ட காலத்தில் ஏரித் தண்ணி பாயும் வயல். ஆயாவின் நடவுப்பாட்டு எங்கள் தெருவில் பேர் போனது. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆராய்ச்சியாளர் டேப்ரிக்கார்டரோடு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பதிவு செய்து போனாராம். டீத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்களாம். பிறகு அது புத்தகமானது. எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் அந்தப் புத்தகத்தை நானே எடுத்தேன். ஆயா பாட்டு அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'தகவலாளர்: மூதாட்டி, விவசாயக் கூலி'. முதல் பக்கத்தில், 'உரிமை ஆசிரியருக்கே'. அப்போது ஆயாவுக்கு நாற்பத்தைந்து வயசுகூட இருக்காது. மூதாட்டியாம்!

அதோடு முடியவில்லை. அந்தப் புத்தகத்திலிருந்து யாரோ எடுத்து, மெட்டுச் சேர்த்துக் கிராமியப் பாடல் என்று ஓர் ஒலித்தொகுப்பில் போட்டிருக்கிறார்கள். எங்கள் தம்பி ஒருவன் செல்போனில் ஆயாவைப் பாடவைத்து இணையத்தில் ஏற்றினான். நாலு நாளில் அறிவிப்பு வந்தது. இந்தப் பாடலின் உரிமை ஒரு கேசட் கம்பெனிக்குச் சொந்தமாம், நாங்கள் அத்துமீறிவிட்டோமாம். ஆட்சேபம் எழுதிப் போட்டோம். ஒரு மாசம் கழித்து, ஒன்றும் சொல்லாமல் விலக்கிக்கொண்டார்கள். ஆயாவிடம் சொன்னபோது, 'நான் பாடுனத நானே திருடிட்டனா?' என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஆயாவுக்கு மட்டும் நடப்பதல்ல. 2021-இல் உலகமே கேட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இருக்கிறது என்று அறிவு சொன்னார். பாட்டுக்கு யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்பதில் 2021-இலும் 2022-இலும் எவ்வளவு சர்ச்சை என்று வாசகர்களுக்குத் தெரியும். 2024-இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவுமே வரவில்லை என்றார். கோடிக்கணக்கில் கேட்ட பாட்டின் கதியே அப்படி.

இங்கேதான் திறந்த உரிமம் என்பதை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் கணினி நிரல்களுக்கு ஒரு பொது உரிமம் எழுதினார். எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு. ஆனால் நீ கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும், பூட்டக்கூடாது. எழுத்துக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் இதேபோல 2002-இல் வந்ததுதான் கிரியேட்டிவ் காமன்ஸ். படைப்பாக்கப் பொதுமம் என்று தமிழில் சொல்கிறார்கள். உரிமையைத் துறப்பதல்ல இது. உரிமை என்னுடையது, இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. அந்த ஆறு வகை உரிமங்களிலும் மாறாத ஒரு நிபந்தனை, படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். வேண்டுமானால், வணிகத்துக்கு ஆகாது என்று சேர்க்கலாம். இதிலிருந்து செய்வதையும் இதேபோல் பகிர வேண்டும் என்று சேர்க்கலாம். மீறினால் அனுமதி தானாக ரத்தாகும்.

எங்கள் தெருவில் இதை விளக்க நான் அமெரிக்காவுக்குப் போகவில்லை. பஞ்சமி நிலத்தைச் சொன்னேன். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. கொடுத்த நிலத்தைப் பத்தாண்டு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் நிலம் அரசுக்குத் திரும்ப வேண்டும். நிபந்தனைப் பட்டா. எத்தனை கை மாறினாலும் நிபந்தனை நிலத்தோடு போகும். உரிமமும் அப்படித்தான், எழுத்தோடு போகும் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதும் ஒரு பெரியவர் கேட்டார்: 'பட்டாவுல நிபந்தன இருந்துச்சு. நெலம் எங்கப்பா?'

பதில் சொல்ல முடியவில்லை. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காகிதத்தில் எழுதிய நிபந்தனை தானாக எழுந்து நின்று காவல் காக்காது. உரிமம் மீறப்பட்டால் கோர்ட்டுக்குப் போகக் காசும் வக்கீலும் வேண்டும். ஆனால் ஒன்று. காரணையில் கேட்பதற்கு ஓர் ஆதாரமாவது இருந்தது என்றால், 1892-இல் யாரோ எழுதி வைத்ததால்தான். ஆயா பாட்டுக்கு எழுதி வைத்தது எதுவும் இல்லை.

எழுதி வைப்போம் என்று முடிவு செய்தோம். எந்த உரிமம் என்பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தது. கட்டுரைகளுக்கும் பழைய துண்டறிக்கைகளுக்கும் தடையே வேண்டாம், பெயரைப் போட்டு எவரும் அச்சடிக்கட்டும், திரும்பப் பூட்டாதிருந்தால் போதும் என்பது என் கட்சி. 'தமிழ'னுக்கு நேர்ந்தது நமக்கு நேரக்கூடாது. நூறு பேரிடம் பிரதி இருந்தால் கரையான் என்ன செய்யும்? பாட்டு விஷயத்தில் என் கட்சி தோற்றது. காலமெல்லாம் எதுவும் சொந்தமாக இல்லாதவளிடம் போய் முதல் சொத்தையே தானமாக எழுதிக் கொடு என்கிறாயே என்று ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. இன்னொன்றையும் ஆயாவிடம் சொல்லவேண்டியிருந்தது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. சட்டப்படி மெட்டும் வாய்வழிப் பாட்டும் தனியொருவருக்குச் சொந்தமில்லை. ஆனால் பாடியவளுக்குத் தன் பாடலின் பதிவின்மேல் உரிமை உண்டு, 1994 திருத்தத்திலிருந்து. அதைத்தான் நாம் எழுதுகிறோம் என்றேன்.

ஆயா எல்லாம் கேட்டுவிட்டு, 'பாடிக்கட்டும். நெலத்துல பாடுனது, யாரு வேணா பாடட்டும். காசு பாக்கறவன் மட்டும் வந்து கேட்டுட்டுப் போவட்டும்' என்றாள். பெயரைச் சொல்லி, வணிகத்துக்கு ஆகாது என்ற நிபந்தனையோடு போட்டோம். பெயர் எழுதும்போது நிறுத்தினாள். தனக்குக் கற்றுக்கொடுத்த பெரியம்மா பெயரையும் போடச் சொன்னாள். அந்தப் பெரியம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவள் பெயரும் ஞாபகம் இருந்தது. அப்புறம் தெருப் பெயர். தலைப்பில் இடம் போதவில்லை, விவரக் குறிப்பில் சேர்த்தோம். இந்தக் கட்டுரையில் உன் பெயரைப் போடட்டுமா ஆயா என்று கேட்டேன். 'இதுல எதுக்கு? பாட்டுல போட்டா போதும்' என்றாள்.

பதிவு நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நடுவில் விமானப்படை நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்றின் இரைச்சல் விழுந்திருக்கிறது. வெட்டிவிடலாமா என்றேன். 'இருக்கட்டும் கண்ணு. நம்ம ஊருன்னு தெரியும்ல' என்றாள்.